முடிதிருத்துபவர் வாசித்துக் காட்டியது

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட சலூன் அவருடையது. கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது என்பதால் எல்லோருக்கும் அவர் ரேடியோ. விலைவாசியில் தொடங்கி, நாற்காலியில் இருப்பவரின் மாமியார் வரைக்கும் போய்விடுவார். கடவுள் பக்கம் மட்டும் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்தபடி காத்திருப்பார்.

"உங்க ஆளு இன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று திரும்பும் வழியில் கேலி செய்வார்.

"உங்களைப் பத்தித்தான் விசாரிச்சாரு" என்பாள் அவள்.

அவளுக்குத் தலைக்குள் கட்டி வந்தது. சிகிச்சையில் முடி கொத்துக்கொத்தாக உதிரவே, கூடத்தில் உட்காரவைத்து அவரே மழித்துவிட்டார். கீழே விழுந்த முடியையும் அவரே கூட்டி அள்ளினார். பிறகு பார்வையும் மங்கியது. வேதம் படித்துக் காட்டச் சொன்னாள். மறுக்க மனமில்லாமல், சலூனில் பேப்பர் படிக்கும் அதே குரலில் படித்தார்.

"ஏங்க, ஏதோ கொலை கேஸ் படிக்கிற மாதிரி இருக்கு. மெதுவாப் படிங்க."

ஒரு மாலை, செத்துப்போன நண்பனின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுகிற இடம் வந்தது. அவர் நிறுத்திவிட்டார்.

"எப்படியும் எழுப்பத்தான் போறாரு. அப்புறம் எதுக்கு அழணும்?"

"செத்தவனோட கூடப்பொறந்தவங்க அழுதுட்டு நிக்கிறாங்கல்ல. அவருக்குத் தாங்கல."

அதன்பிறகு, அவள் கண்ணயர்ந்த பின்னும் தனக்காகப் படிக்க ஆரம்பித்தார். ஜெபமும் செய்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அது கிடைக்கவில்லை. ஒரு மழைநாள் மதியம், அவர் அடுப்படியில் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது அவள் போய்விட்டாள்.

வேதப் புத்தகம் அலமாரியில் அவள் துணிகளுக்கு அடியில் போய்விட்டது. கடையை மனைவியின் தம்பி பார்த்துக்கொண்டான். மாமா எழுந்து சவரம் செய்துகொண்டால் போதும் என்று அவன் கெஞ்சும்படி ஆகிவிட்டது. ஒருவழியாகக் கடைக்கு வந்தபோதும் அவர் பேசவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கவனித்த நர்ஸ்தான் ஒருநாள் கூப்பிட்டனுப்பினாள். வார்டில் ஒரு லாரி டிரைவருக்குத் தலை மழிக்கவேண்டும், யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறார் என்றாள். அவள் சிகிச்சைக்குக் கிடந்த அந்த மாடிக்கு மறுபடி ஏற அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் போனார்.

பாதித் தலை மழித்ததும் டிரைவர் கேட்டார்: "அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நான் பொழைப்பேனா?"

"தெரியலப்பா. என் வீட்டுக்காரி பொழைக்கல. இதே வார்டுதான்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று பதறினார். டிரைவரோ, "நீங்களாவது மழுப்பாமப் பேசினீங்களே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல், இயேசு கல்லறைக்கு முன்னால் அழுத அந்தக் கதையை இவர் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவள் உயிர் பிரிந்தபோது, அந்த அடுப்படியிலும் தன் பக்கத்தில் இயேசு அழுதுகொண்டு நின்றிருப்பாரோ என்று அப்போதுதான் தோன்றியது. ஆறுதலாக இல்லை. வலி கூடத்தான் செய்தது. ஆனால் தனியாக இல்லை என்று பட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை வெளியே எடுத்தார். வாராவாரம் போய் டிரைவருக்குப் படித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காது கொடுத்தார்கள். ஒருவர் மட்டும், "எனக்கு இதெல்லாம் வேணாம், சவரம் மட்டும் பண்ணு" என்றார். அவருக்கு நன்றாகவே பண்ணிவிட்டார்.

டிரைவரும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் டிரைவரின் மனைவி சலூன் வாசலில் வந்து நின்றாள்.

"அவரு அமைதியாத்தான் போனாரு அண்ணே. எனக்குத்தான் நெஞ்சு ஆறல. எனக்கும் படிச்சுக் காட்டுவீங்களா?"

தரையெல்லாம் வெட்டிய முடி. மைத்துனன் அவசரமாகப் பெருக்கினான். ரேடியோ ஒரு நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரச் சொன்னார்.

"எனக்கே இன்னும் ஆறலம்மா" என்றார். "சேர்ந்து படிப்போம்."