மாமாவின் மூக்கும் மாநிலக் கிண்ணமும்

அந்த வருஷம் மாமாவின் மூக்கைப் பற்றி அம்மா பட்ட கவலையை எங்கள் படிப்பைப் பற்றிக்கூடப் பட்டதில்லை. மாமா அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் குடியேறியிருந்த பிளாக்டவுன் பக்கத்து ரக்பி லீக் கிளப் ஒன்றுக்காக மாநிலப் போட்டியில் விளையாடினார். கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். உடைந்த மூக்குக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து வரும் மாமாவுக்குக் கதவைத் திறந்ததும் அம்மா "வெண்டனியோ" என்று வெற்றி தோல்வியைக் கேட்கமாட்டார். "மூக்கைக் காட்டு" என்பார்.

மாமாவோ குசினியில் அடுப்பருகே நின்று, பல்லுக்குப் போடும் மவுத்கார்டைச் சுடுதண்ணீரில் இளக்கி, கடித்து அச்சு எடுப்பார். "இது என்ரை வாய்க்கு மட்டும்தான் பொருந்தும்" என்று எனக்குக் காட்டுவார். முந்தின வருஷம் அட்டவணையின் அடியில் கிடந்த கிளப், வாரா வாரம் வென்று இறுதியாட்டத்துக்கே வந்துவிட்டது.

வந்தது வினை. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க இறுதியாட்டம் இருந்த அதே ஞாயிறைக் குறித்தார்கள். கோயிலில் சந்திப்பதாகப் பேச்சு.

"அவையளைக் கிரவுண்டுக்கு வரச்சொல்லுங்கோ அக்கா," என்றார் மாமா, வெகு சாதுவாக.

அம்மா தலையில் கை வைத்தார். ஆனால் பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். மகளே அப்படித்தான் சொன்னாளாம்.

பட்டுச் சேலையில் அம்மா, டை கட்டிக்கொண்டு பெண்ணின் அப்பா, அவர் மனைவி, மகள், எல்லோருக்கும் நடுவில் நான். இடைவேளைக்குப் பிறகு மாமாவை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். எழும்பியபோது மூக்கால் இரத்தம். மவுத்கார்ட் சேற்றில் மிதிபட்டுக் கிழிந்து கிடந்தது. அது இல்லாமல் மறுபடி இறங்க விடமாட்டேன் என்று பயிற்சியாளர் கையை விரித்துவிட்டார். கிளப் தோற்றுக்கொண்டிருந்தது. "எல்லாம் போச்சு," என்று அம்மா அழுதார். கிண்ணத்தைச் சொன்னாரா, கலியாணத்தைச் சொன்னாரா, தெரியாது.

அப்போது, மாமாவுக்குப் பேசிய அந்த அக்கா, கைப்பையைத் திறந்து ஒரு நீல மவுத்கார்டை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார். மாமா வாங்கிக் கடித்தார். கச்சிதமாக இருந்தது. மூக்கில் பஞ்சோடு உள்ளே ஓடினார்.

கடைசி நிமிஷத்தில் பந்தை அணைத்தபடி, முதுகில் தொங்கிய இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தார். கிண்ணம் எங்களுக்கு. பெண்ணின் அப்பா கதிரையில் ஏறி நின்று கத்தினார். அம்மா பெண்ணின் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். மாமாவின் மூக்கு ஒரு பக்கம் கோணிப்போயிருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

"எங்களுக்குச் சம்மதம்," என்றார் பெண்ணின் அப்பா, மூச்சு வாங்க. "பொடியன் பிடிச்சால் விடமாட்டான்."

"முன்பின் தெரியாத பிள்ளை, என்ன முன்யோசனை பார்," என்று காரில் வழி நெடுக அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். நானும் நம்பினேன். மாப்பிள்ளை பார்க்க வரும் அக்காமார் கைப்பையில் ஒரு மவுத்கார்ட் கொண்டுவருவது எங்கள் ஆட்களின் முறை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.