மாமா வைத்த பரீட்சை

பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்குப் பொருள்களின் பெயர்கள் வாய்க்கு வராமல் போயின. "அவருக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் நேரமாகும். காத்திருங்க, பரீட்சை வைக்காதீங்க" என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் எங்களிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மாவின் அண்ணனான என் மாமாவுக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்து உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் தூக்கிக் காட்டுவார். அன்று ஒரு பழம்.

"இது என்ன, சொல்லுங்க மாப்ள?"

அப்பா தொட்டியத்தில் முப்பது வருடம் வாழைத்தார் வியாபாரம் செய்தவர். உதட்டைக் கடித்து, வியர்த்து, கடைசியில் சொல்லிவிட்டார்: "பூவன்."

"தப்பு! வாழைப்பழம்" என்றார், பூவனுக்கும் ரஸ்தாளிக்கும் வித்தியாசம் தெரியாத அந்த மேதாவி. கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் நீட்டி முழக்கி வேறு காட்டினார்.

அப்பா அவரையே பார்த்தார். பிறகு திக்காமல், தெளிவாகச் சொன்னார்: "போயிட்டு வாங்க."

மாமாவுக்கு உறைக்கவில்லை. "பாத்தியாம்மா, எல்லாம் என் ட்ரெயினிங்!" என்று என்னிடம் பூரித்துவிட்டு, அதே பழத்தை உரித்துத் தின்றபடி அப்பாவிடம் திரும்பினார். "எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க மாப்ள."

அப்பா சொன்னார்.