பென்சில்வேனியாவிடம் கேட்ட லீவு

துபாயில், ஜெபல் அலித் துறைமுகத்தில், எங்கள் கிடங்கின் ஏற்றுமதிப் பக்கத்துக்கு ஃபோர்மேன் பாண்டித்துரை. வயது முப்பத்தாறு. காளையார்கோவில் பக்கம் ஒரு கிராமம். பதினோரு வருடமாகக் கண்டெய்னருக்குள் அட்டைப்பெட்டி அடுக்குகிறார், இப்போது அடுக்கச் சொல்கிறார். நாற்பதடிக் கண்டெய்னரின் வாயில் நின்று ஒரு பார்வை பார்த்தால், எத்தனை பெட்டி கொள்ளும் என்று சொல்லிவிடுவார். அதே கேள்விக்குக் கம்ப்யூட்டரில் அரைமணி நேரம் உழைத்து நான் கொண்டுவரும் விடை சற்றே தப்பாக இருக்கும். நான் அங்கே திட்டமிடல் மேலாளர்.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஊர் திருச்சி, பொருளாதாரத்தில் எம்.ஏ., அமெரிக்க அரசியலில் நிபுணர். கடைசிப் பட்டம் நானே எனக்குக் கொடுத்துக்கொண்டது. அமெரிக்கா போனதில்லை. ஒருமுறை விசா கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி மூன்றே கேள்வியில் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனாலும் பென்சில்வேனியாவில் எந்த வட்டாரம் எந்தப் பக்கம் சாயும் என்று மதியச் சாப்பாட்டு மேஜையில் தயிர்சாதத்தோடு விளக்குவேன். "சரி, திருச்சியில நம்ம எம்.எல்.ஏ. யாரு, சொல்லுங்க. போனைப் பார்க்கக் கூடாது" என்று என் மனைவி ராதா ஒருநாள் கேட்டாள். நான் சாம்பாரில் உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னேன்.

2024 செப்டம்பரில் பாண்டித்துரை லீவு ஃபாரத்துடன் என் மேஜைக்கு வந்தார். கார்த்திகையில் பன்னிரண்டு நாள்.

"அக்கா மகளுக்குக் காது குத்து சார். என் மடியிலதான் குத்தணும், தாய்மாமன்ல."

அக்கா நாகவள்ளி. குழந்தை சம்யுக்தா. பதினோராம் மாதத்தில் குத்துவதாக இருந்தது. அப்போது கிடங்கில் சரக்கு சரிபார்ப்பு, பாண்டித்துரைக்கு லீவு இல்லை. இப்போது மூன்றாவது வயது நடக்கிறது. தை பிறந்தால் நாலாவது தொடங்கிவிடும். இரட்டைப்படை வயதில் அவர்கள் குத்துவதில்லை. மார்கழியில் நல்ல காரியம் கிடையாது. ஆக மிச்சம் இருப்பது கார்த்திகை.

"இந்த வாட்டியும் போகலைன்னா மச்சான் எங்க சித்தப்பா மகனை உக்கார வச்சுருவாரு சார். இப்பவே, 'துபாய்க்காரர் மடியை மட்டும் கூரியர்ல அனுப்பச் சொல்லு, நாங்க குத்திக்கிறோம்'னு பேசுறாங்க."

நான் உடனே கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. காரணம், அதற்கு ஒரு வாரம் முன்பு நான் எழுதிய ஒரு குறிப்பு.

எங்கள் சரக்கு அலுமினியத் தட்டு. பிரியாணியைப் போட்டு மூடிக் கொடுப்பார்களே, அது. அமெரிக்காவில் அதில் வான்கோழி வேகவைக்கிறார்களாம். அங்கே எங்களுக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர். தேர்தல் முடிவு சரக்கைப் பாதிக்குமா என்று ஜெனரல் மானேஜர் கேட்க, நான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பழமைவாதக் கட்சி வந்தால் இறக்குமதி வரி ஏறும். அதற்குமுன் சரக்கை வாங்கிக் குவிக்க வாடிக்கையாளர் பறப்பார். எனவே அந்தக் கட்சி வென்றால் நவம்பர், டிசம்பரில் கிடங்கில் யாருக்கும் லீவு கிடையாது. மற்றக் கட்சி வென்றால் வழக்கம்போல். ஜெனரல் மானேஜர் மூன்றரைப் பக்கத்தை விட்டுவிட்டு லீவு வரியை மட்டும் படித்து ஒப்புதல் கொடுத்தார்.

"அப்ப என் லீவு?"

"பென்சில்வேனியா கையில இருக்கு, பாண்டித்துரை."

இதைச் சொன்னபோது எனக்கு ஒரு கம்பீரம் வந்ததை மறுக்க மாட்டேன்.

அவர் வேறு யாராவதாக இருந்தால் என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். பாண்டித்துரை படிக்கத் தொடங்கினார். தொழிலாளர் கேம்ப்பில் படுத்துக்கொண்டு யூடியூபில் தமிழ் விளக்கங்களாகக் கேட்டார். இரண்டே வாரத்தில் தேர்தலைத் தீர்மானிக்கும் ஊசலாடும் மாநிலங்கள் ஏழையும், பென்சில்வேனியா முதலாக, கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றின் பின்புறம் மார்க்கரால் எழுதி, ஏற்றுமிடத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். மதியம் என்னைப் பிடித்துச் சந்தேகம் கேட்பார்.

"அந்தக் கட்சி முதலாளிங்க கட்சின்னு சொன்னீங்கள்ல சார்?"

"ஆமாம். நான் படிக்கிறப்போ தடையில்லா வணிகம், வரி குறைப்பு, இதுதான் அவங்க கொள்கை. இப்ப திசை மாறிட்டாங்க. ஃபேக்டரித் தொழிலாளிங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. இறக்குமதிக்கு வரி போடுன்னு கேக்குறாங்க."

"சரி. முதலாளிங்க எங்க போனாங்க?"

"அவங்கள்ல நிறையப் பேர் அங்கேயேதான் இருக்காங்க."

அவர் விடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே கட்சியில இருந்தா, லீவு யாரு சார் யாருகிட்ட கேக்குறது?"

இருபத்தைந்து வருடமாக நான் படித்த கட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. கூட்டம் இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

கேம்ப்பில் அவருடைய அறையில் ஆறு பேர். விவரம் பரவியதும் ஐந்து பேர் உடனடியாகப் பழமைவாதிகள் ஆனார்கள். கொள்கை எளிமையானது: அந்தக் கட்சி வந்தால் அவசர ஏற்றுமதி, அவசர ஏற்றுமதி என்றால் ஓவர்டைம். அவர்களுக்குத் தலைவன் அருள்முருகன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பரமக்குடிக்காரன். எதிர்க்கட்சியாக ஒற்றை ஆளாக பாண்டித்துரை நின்றார்.

"அண்ணே, ஒரு காதுக்காக ஒரு நாட்டையே தோக்கச் சொல்றீகளே, நியாயமா?"

"ரெண்டு காதுடா."

அக்டோபர் கடைசியில் பாண்டித்துரை என்னிடம் ஒரு போட்டோ கேட்டார். "கோட்டு போட்டது இருந்தா நல்லது சார்." எந்த கேட் பாஸுக்கோ, எந்த ஃபாரத்துக்கோ என்று நினைத்து அனுப்பினேன். இந்த ஊரில் யார் கேட்டாலும் போட்டோ கொடுத்துப் பழகிவிட்டோம்.

முடிவு நாள் எங்களுக்குப் புதன்கிழமை. வேலை நாள். காலை எட்டு மணிக்கு மேல் வட கரோலினா பழமைவாதக் கட்சிப் பக்கம் விழுந்தது. பாண்டித்துரை அட்டையில் ஒரு கோடு போட்டார். பத்து மணிவாக்கில் ஜார்ஜியா. "யல்லா!" என்று ஃபோர்க்லிஃப்டில் இருந்து அருள்முருகன் ஹாரன் அடித்தான். பதினொன்றரைக்குப் பென்சில்வேனியா. அது எங்கே சாயும் என்று ஒன்றரை மாதமாக நான் சொல்லிவந்தேனோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம். மதியத்துக்குள் விஷயம் முடிந்துவிட்டது. மிச்ச மாநிலங்களும் அடுத்தடுத்த நாட்களில் அதே பக்கம் போய்ச் சேர்ந்தன. ஏழுக்கு ஏழு.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் தயிர்சாதத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

மூன்று மணிக்கு பாண்டித்துரை வந்தார். கையில் அதே லீவு ஃபாரம். அதோடு ஒரு தாள்.

"ஏழு மாநிலமும் போகப்போகுது சார், தெரிஞ்சிருச்சு. ஆனா ரூம்ல அஞ்சு ஓட்டும் வாங்கிட்டேன்."

தாளில் அருள்முருகனும் மற்ற நால்வரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளும் பாண்டித்துரையின் வேலையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதாகவும், ஓவர்டைம் முழுவதும் தங்களுக்கே என்றும், பதிலுக்குப் பொங்கலன்று பாண்டித்துரை தனியாக டியூட்டி பார்ப்பார் என்றும் எழுதியிருந்தது. தேர்தல் முடிந்த பிறகு கூட்டணி. நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் என்னுடைய குறிப்பை நினைவூட்டினேன். அந்தக் கட்சி வென்றால் யாருக்கும் லீவு இல்லை என்று எழுத்தில் இருக்கிறது, மேலே ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும்?

"அந்தக் குறிப்பு யாரு சார் எழுதுனது?"

"நான்தான்."

"அதுல ஒரு வரியை மாத்தணும்னா, அமெரிக்காவுல மறுபடி எலெக்‌ஷன் வைக்கணுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நாற்பதடிக் கண்டெய்னரின் வாயில் நின்று பார்ப்பாரே, அதே பார்வை. இந்த ஆளுக்குள் எவ்வளவு கொள்ளும் என்று அளந்துகொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக ஒரு மனிதனிடம் சரி என்றோ முடியாது என்றோ சொல்லாமல் இருப்பதற்கு நான் ஒரு வல்லரசையே துணைக்கு அழைத்திருந்தேன். 'மாற்று ஆள் ஏற்பாடு செய்தவர்களுக்கு விலக்கு உண்டு' என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்து ஜெனரல் மானேஜருக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "ஓகே" என்று பதில் வந்தது. அவர் பென்சில்வேனியா பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

"தேங்க்ஸ் சார்" என்று பாண்டித்துரை போகும்போது சுவரில் இருந்த அட்டையையும் உரித்துக்கொண்டு போனார். அட்டை இன்னும் உறுதியாக இருந்ததால் பெட்டிகளுக்கு நடுவே தடுப்பாக வைத்துவிட்டார். அந்த ஏழு மாநிலங்களும் எந்தத் துறைமுகத்துக்குப் போயினவோ தெரியாது.

அவர் ஊருக்குக் கிளம்பியதற்கு அடுத்த நாள் வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. புதிய அரசின் வரிக் கொள்கை தெளிவாகும்வரை எல்லா ஆர்டரையும் நிறுத்தி வையுங்கள். வாங்கிக் குவிக்கப் பறப்பார் என்று நான் நாலு பக்கம் எழுதிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏற்றுமிடத்தில் ஃபோர்க்லிஃப்ட்கள் வரிசையாக நின்றன. அருள்முருகன் என் கதவருகே வந்து நின்றான்.

"சார், நம்ம கட்சிதானே ஜெயிச்சுச்சு?"

"ஆமாம்."

"அப்ப ஓவர்டைம்?"

"மாஃபி" என்றேன். இல்லை என்பதைத் தமிழில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஜெனரல் மானேஜருக்கு அன்றே இன்னொரு குறிப்பு எழுதினேன். அது 'எதிர்பார்த்தபடியே' என்று தொடங்கியது.

அடுத்த வாரம் பாண்டித்துரையிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. முதல் படத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சம்யுக்தா, தாய்மாமன் மடியில், அண்டம் அதிர அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த லட்டு பாண்டித்துரையின் பட்டுச்சட்டையில் அப்பியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கிடங்கில் பதினோரு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

இரண்டாவது படம் கோயில் வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்ட சம்யுக்தா. கீழே வாழ்த்துவோர் வரிசை: மச்சான், சித்தப்பாக்கள், ஊராட்சித் தலைவர். வலது ஓரத்தில், ஊராட்சித் தலைவரைவிடக் கொஞ்சம் பெரிதாக, கோட்டு போட்ட நான். அடியில் எழுதியிருந்தது: 'ரவிசங்கர் எம்.ஏ., அமெரிக்க அரசியல் வல்லுநர், துபாய்.'

போன் போட்டேன். பின்னணியில் மேளச் சத்தம்.

"என்ன பாண்டித்துரை இது? இதை எப்ப அடிச்சீங்க?"

"அக்டோபர்லயே சார். போட்டோ வாங்குனேன்ல."

"அப்ப நான் லீவு ஃபாரத்துல கையெழுத்தே போடலையே! போடாம விட்டிருந்தா?"

"நீங்க போட்டுருவீங்கன்னு தெரியும் சார்" என்றார் பாண்டித்துரை. "பென்சில்வேனியாதான் கொஞ்சம் சந்தேகமா இருந்துச்சு."