கார்விஸ் நோட்டின் எட்டாவது கட்டம்

கார்விஸ் ப்ரூவிட்டின் பயிற்சி அட்டையை ஓடெல் ஸ்டாம்ப்ஸ் திருப்பிக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு, பிஸ்கட் கடையில், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கார்விஸின் அக்கா வைனெல் அப்போது அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டில் பஞ்சுபோன்ற பிஸ்கட் ரொட்டிமேல் ஊற்றிய மிளகு போட்ட வெள்ளைக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. ஓடெல் டயர் கடைக்காரர். கல்லூரி அணியின் ரசிகர் மன்றத் தலைவரும் அவர்தான். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை உள்ளே போய்ப் பார்க்கும் அட்டை, மன்றத்தில் மொத்தம் இருபது பேருக்குத்தான் உண்டு.

"தப்பா எடுத்துக்காதே கார்விஸ். மூணு ஆட்டம் வரிசையா தோத்திருக்கோம். நாம என்ன ஆடப் போறோம்னு எதிராளிக்கு முன்னாடியே தெரியுது. பந்து கிளம்பறதுக்குள்ள அவன் அங்க போய் நிக்கிறான். யாரோ சொல்லிக் கொடுக்கிறாங்க."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. பயிற்சியில உக்காந்து எழுதறது நீ ஒருத்தன்தான். நாங்க எல்லாம் வேர்க்கடலை தின்னுட்டு வந்துடறோம்."

யாரோ சிரித்தார்கள். வைனெல் திரும்பிப் பார்த்தாள். சிரித்தவன் காபிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டான்.

"பத்தொன்பது வருஷமா எழுதறான், ஓடெல். இப்பதான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" என்றாள்.

"மிஸ் வைனெல், உங்களை யாரும் ஒண்ணும் சொல்லல."

கார்விஸ் ஒரு வார்த்தை பேசாமல் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். வைனெலுக்கு அதுதான் உறுத்தியது. குற்றமில்லாதவன் கொஞ்சமாவது கத்த மாட்டானா?

கார்விஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் முப்பத்தைந்து வருடமாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவன். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்று அவனுக்குத் தெரியும். பத்தாவதோடு படிப்பு நின்றது. ஒரு கால் அரை அங்குலம் குட்டை; அதனால் மைதானத்துக்குள் ஒருநாளும் இறங்கியதில்லை. ஆனால் இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஊர்க் கல்லூரி அணியான நாரைகள் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் அவன் நோட்டில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து; நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டம் அது. எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் பாக்கி, யார் எங்கே நின்றார்கள், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களா, வீசினார்களா, யார் தடுத்தார்கள், யார் தவறவிட்டார்கள், எத்தனை கெஜம் கிடைத்தது என்று ஏழு கட்டம். ஓட்டம் என்றால் பச்சைப் பென்சில், வீச்சு என்றால் சிவப்பு. ஒருமுறை உள்ளூர் வானொலிக்காரர் ஓர் ஆட்டத்தின் கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டு, கார்விஸிடம் கேட்டுத்தான் மறுநாள் திருத்தினார். அந்தக் கதையை வைனெல் பள்ளிக்கூடச் சமையலறையில் சொல்லாத வாரம் கிடையாது. தம்பியை வளர்த்தவள் அவள்.

செவ்வாய்க்கிழமை அவன் வேலையில் இருந்தபோது அவள் அந்த வருடத்து நோட்டைத் திறந்தாள். தோற்ற இரண்டாவது ஆட்டத்திலிருந்து ஏழாவது கட்டத்துக்கு அப்பால் ஓரத்தில் எட்டாவது கட்டம் ஒன்று முளைத்திருந்தது. தலைப்பு இல்லை. சின்னச் சின்ன வட்டமும் குறுக்குக்கோடும். பக்கம் பக்கமாக இதேதான். அவனிடம் அவளுக்குப் புரியாத எழுத்து இதுவரை இருந்ததே இல்லை.

நோட்டை மூடி, இருந்த கோணத்திலேயே வைத்தாள். யாருக்காக இந்தக் குறி?

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் இல்லை. ஞாயிறு மதியம், சர்ச்சிலிருந்து வந்த கையோடு கார்விஸ் நோட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

"எங்கே?"

"சும்மா ஒரு சுத்து."

அவன் சும்மா சுற்றுகிறவன் இல்லை. திரும்பி வந்ததும் அவள் வண்டிக்குள் தலையைவிட்டு மைல் கணக்கைப் பார்த்தாள். போக வர முப்பத்தெட்டு. அடுத்த சனிக்கிழமை நாரைகளோடு மோதவேண்டிய மெரோ கல்லூரி வடக்குச் சாலையில் சரியாகப் பத்தொன்பது மைல்.

ஓடெல் சொன்னது உண்மையாக இருந்தால்? ஊரில் எத்தனை பேர் நல்லவர்கள் என்று நினைத்து ஏமாந்திருக்கிறாள். தம்பியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டானா? அவன் கோழிக்கறியை எடுத்து வைக்கும் விதம்கூட அன்று அவளுக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது.

"மெரோவுக்கா போனே?" என்று கேட்டேவிட்டாள்.

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நீயுமாக்கா?"

"முப்பத்தெட்டு மைல். எட்டாவது கட்டம். நீயே சொல்லு, நான் என்ன நினைக்கட்டும்?"

அவன் எழுந்து, சமையலறைத் தரையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து நின்றான், ஆட்டக்காரன் மாதிரி.

"பாரு. இது ஓட்டம்." விரல்கள் தரையில் அழுந்தி, விரல் முட்டிகள் வெளுத்தன. "இது வீச்சு." இப்போது கை சூடான சட்டியைத் தொடுவதுபோல் லேசாகத் தரையில் பட்டது. "கீஷான் இப்படித்தான் நிக்கிறான். ஒவ்வொரு தடவையும். அவன் கையை மட்டும் பாத்தா போதும், அடுத்து என்னன்னு தெரிஞ்சிடும். அந்த வட்டமும் கோடும் அதுதான். அறுபத்திநாலுல அறுபத்தொண்ணு சரி. யாரும் சொல்லிக் கொடுக்கலக்கா. அவங்க பாத்திருக்காங்க, அவ்வளவுதான்."

கீஷான் லாக்கெட் நாரைகளின் இடது ஓரத் தடுப்பாளன். பத்தொன்பது வயது. அவன் அம்மா ரொமோனா, வைனெலோடு ஒரே சமையலறையில் பதினோரு வருடமாகப் பாத்திரம் தூக்குகிறவள்.

"அப்போ வண்டி?"

"அணைக்கட்டுக்கு. அதுவும் பத்தொன்பது மைல்தான். அம்மாவும் பிள்ளையும் ஞாயித்துக்கிழமை அங்க மீன் பிடிப்பாங்க. நோட்டை அவன்கிட்ட காட்டிட்டு வந்தேன். ஊருக்குள்ள அவன்கிட்ட நான் பேசினா, ஆட்டக்காரன்கிட்டயே துப்பு வாங்கறேன்னு ஓடெல் சொல்ல மாட்டானா?"

வைனெலுக்கு முகம் சுட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "காலையில முதல் வேலையா ஓடெல்கிட்ட இதைச் சொல்றே. மூஞ்சியில அடிச்ச மாதிரி நோட்டைத் திறந்து காட்டறே," என்றாள்.

"காட்டினா?"

"காட்டினா நீ யோக்கியன்னு ஊருக்குத் தெரியும்."

"மூணு ஆட்டம் தோத்தது கீஷானாலன்னும் தெரியும். பந்தை உதைச்சுக் கோட்டை விட்டானே ஒரு பையன், அவங்க வீட்டு வாசல்ல குப்பையைக் கொட்டினாங்களே, மறந்துட்டியா? அதுவுமில்லாம ஓடெலுக்குத் தெரிஞ்சா மத்தியானத்துக்குள்ள இணையத்துல வந்துடும். இதுவரைக்கும் கண்டுபிடிக்காதவனும் கண்டுபிடிச்சுடுவான். இன்னும் ஆறு ஆட்டம் இருக்கு."

"அப்போ உன் பேரு?"

"என் பேரை வச்சு யார் ஆடறாங்க?"

அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்ல முடியாது. கோபத்தோடு நன்றாகத் தூங்கினாள். ஆனால் வாரம் முழுக்க நாக்கின் நுனியில் கீஷானின் கைதான் காரணம் என்கிற அந்த ஒரு வாக்கியம் இருந்தது. சமையலறையில் ரொமோனா அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சோளரொட்டித் தட்டைக் கை மாற்றும்போது மட்டும், "தினமும் பின்கட்டுல நின்னு பழகறான், மிஸ் வைனெல். ரெண்டுக்கும் ஒரே மாதிரி கை," என்று முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மெரோவுடன் ஆட்டம். கார்விஸும் வைனெலும் வழக்கமான நாற்பத்தொன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இருக்கை காலி. வழக்கமாக அங்கே உட்காருகிறவர்கள் மூன்று வரிசை கீழே போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கார்விஸ் தொலைநோக்கியை எடுத்தபோது அவர்களில் ஒருவன் தன் ஃபோனைத் திருப்பி அவனைப் படம் பிடித்தான். வைனெல் அவனுக்குக் கையசைத்தாள், நன்றாகத் தெரியட்டும் என்று.

முதல் கால்பகுதியில் மெரோக்காரர்கள் கீஷானின் கையையே பார்த்தார்கள். வெளுத்த விரலைப் பார்த்து ஓட்டத்துக்கு ஓடினார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேல் பறந்தது. மறுபடியும் அதேதான். மூன்றாவது கால்பகுதி முடியும்போது நாரைகள் முப்பத்தொன்று, மெரோ பத்து.

ஓடெல் கீழ் வரிசையில் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "பாத்தீங்களா? அட்டையைப் பிடுங்கினோம், ஓட்டை அடைஞ்சுது!"

கைதட்டல் வேறு. திரும்பிப் பார்த்த முகங்களில் சந்தேகம் போய், இப்போது தீர்ப்பே எழுதியிருந்தது.

வைனெல் எழுந்துவிட்டாள். வாய் திறந்தது. கீழே புல்லில் கீஷான் கையை ஊன்றிக் குனிகிறான். அவன் பெயர் அவள் பற்களுக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு வாக்கியம் போதும், ஓடெல் வாயடைத்துப் போவார். கார்விஸ் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவும் இல்லை. முடிவை அவளிடமே விட்டுவிட்டான்.

"கார்விஸ்," என்றாள், நின்றபடியே. "இப்போ என்ன? ஓட்டமா, வீச்சா?"

அவன் உற்றுப் பார்த்தான். பச்சைப் பென்சிலும் சிவப்புப் பென்சிலும் விரலிடுக்கில் காத்திருந்தன.

"தெரியலக்கா," என்றான். "சத்தியமா தெரியல." சிரித்துவிட்டான். இந்த வருடம் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வைனெல் உட்கார்ந்தாள்.

அந்தச் சிரிப்பை ஓடெலும் பார்த்துவிட்டார். கண்ணை இடுக்கிக்கொண்டு மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அவள் திரும்பி கார்விஸை மேலும் கீழும் பார்த்தாள். வைனெல் தன் பையிலிருந்த அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, பக்கத்துக் காலி இருக்கைமேல் தாராளமாகப் பரப்பி வைத்தாள்.

"எழுதுடா," என்றாள். "அவங்க பாத்துட்டே இருக்கட்டும்."