மில்லுக்கு வந்த சர்வேயர்

சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. கர்த்தர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம் ஒரு சந்தில் மசாலா மில் வைத்திருந்தேன். மிளகாய், மல்லி அரைத்து நம் ஊர்க்காரர்களின் ஹோட்டல்களுக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு வருஷமும் துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பே பந்தல்காரர்கள் என் ஷட்டருக்கு முன்னால் மூங்கில் நட்டுவிடுவார்கள். மூட்டை ஏற்றி இறக்க வழி இருக்காது. பின்தெருவில் ஒரு குடோனை வாடகைக்கு எடுத்து, சரக்கை அங்கே மாற்றிவிடுவேன். அந்தச் சந்தில் கடை வைத்திருந்த எல்லோரும் செய்வதுதான். தீ, வெள்ளம் எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் வைத்திருந்தேன். ஆனால் பாலிசியில் இருந்தது மில்லின் விலாசம் மட்டும். குடோனையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் பந்தல் போட்ட கையோடு மூன்று நாள் விடாத மழை. மில்லுக்குள் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அரவை மெஷின்களின் மோட்டார் இரண்டும் போயின. குடோன் பள்ளத்தில் இருந்ததால் அங்கே இடுப்பளவுத் தண்ணீர். வாங்கி வைத்த மிளகாய் முழுவதும் ஊறி நாறிப்போயிற்று. நான் அழக்கூட இல்லை. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

பாலிசி போட்டுக்கொடுத்த ஏஜென்ட் நம் தமிழ்க்காரர்தான். "அண்ணே, குடோன்னு வாயத் தொறந்துராதீங்க. சரக்கு அங்க இருந்துச்சுன்னா ஒண்ணும் கெடைக்காது. மூட்டையெல்லாம் மில்லுல கொண்டு போட்டுருங்க" என்றார். மூங்கில்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, ஒவ்வொரு மூட்டையாகக் கொண்டுவந்து போட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா வந்து பார்த்தாள். "ஏங்க, இது வேண்டாங்க. மோட்டாருக்கு மட்டும் கேப்போம்."

"மோட்டார வச்சு எத அரைக்க? தண்ணியவா?" என்று எரிந்து விழுந்தேன்.

வெட்கத்தோடு சொல்கிறேன். நஷ்டத்தைக் கணக்கெடுக்க இன்சூரன்ஸ் ஆபீஸ் அனுப்பும் சர்வேயரின் கண்ணை மறைத்துவிடும் ஆண்டவரே என்று மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். பொய்க்கு உபவாசம் இருந்த மனுஷன் நான்!

சர்வேயர் வந்தார். வயதான வங்காளி, என்னைவிடக் களைத்த முகம். மூட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். மெஷின்களைச் சுற்றி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். "தண்ணீர் வந்தபோது இந்தச் சரக்கு எங்கே இருந்தது?" என்று வங்க மொழியில் கேட்டார்.

பதிலைப் பத்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. இந்தப் பொய்யையும் இனி எத்தனை நாள் சுமப்பது என்றுதான் தோன்றியது. "குடோனில்" என்றேன். பந்தல், வாடகை, மூட்டை மாற்றியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் பேனாவால் சுவரைக் காட்டினார். தண்ணீர் நின்ற கறை தரையிலிருந்து ஒரு சாண்தான் இருந்தது.

"மூட்டைகளோ வாய் வரை நனைந்திருக்கின்றன. உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டேன். இங்கேதான் இருந்தது என்று சொல்லியிருந்தால் மோசடி என்று எழுதியிருப்பேன். மோட்டாருக்கு வர வேண்டிய பணமும் சேர்ந்து போயிருக்கும்."

சரக்குக்கு எதுவும் கேட்கவில்லை என்று என் கையால் எழுதி வாங்கிக்கொண்டார். மோட்டார்களுக்கு மட்டும் கிளெய்ம் போனது.

மிளகாய் போனது போனதுதான். ஆபீஸுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மோட்டார் பணம் வந்தது. அரைக்கச் சொந்தச் சரக்கு இல்லாததால், மற்றவர்களின் மிளகாயைக் கூலிக்கு அரைத்தேன். நிமிர நாலு வருஷம் ஆயிற்று. இப்போதெல்லாம் பூஜைக்கு முன்பே குடோன் விலாசத்தை நானே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பிரியமானவர்களே, நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால், இன்றும் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டிருப்பேன். உங்களில் எவராவது களைத்துப்போய், ஒரு பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், அதைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் வாருங்கள். நஷ்டம் நஷ்டமாகவே இருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்ன அன்று நான் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துச் சோறு சாப்பிட்டேன்.