மொய்க் கவரில் வைத்த கூலி

பிரசவ விடுப்பு முடிந்து மணலியில் இருக்கும் அலுவலகத்துக்கு நான் திரும்பியபோது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் சித்தி வந்தார். திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர், எனக்காக அதை நிறுத்திவிட்டார்.

முதல் மாதம் முடிந்ததும் அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணவரிடம் கேட்டேன். "உன் சித்தி, நீயே முடிவு பண்ணு" என்றார். பக்கத்துத் தெருக் காப்பகத்தில் ஆறாயிரம் வாங்குகிறார்கள். அதையே கொடுத்தால் தன்னை ஆயாவாக்கிவிட்டதாக நினைப்பாரோ, குறைத்தால் சொந்தம் என்று ஏய்ப்பதாக நினைப்பாரோ என்று குழம்பினேன். கடைசியில் ஐயாயிரத்தை, ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவரில் வைத்து நீட்டினேன். அதுதான் மரியாதை என்று தோன்றியது.

சித்தி கவரைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே இது? எனுக்கு இன்னா காது குத்தா? மொய்னா நான் திருப்பி வெக்கணும். மீன் கூடையே கமுத்தி வெச்சுட்டேன், எங்கேந்து வெப்பேன்?"

"ஐயோ, இது மொய் இல்ல சித்தி."

"அப்ப கூலின்னு சொல்லேன். வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

அவர் அந்த நாணயத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். நோட்டுகளை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டப் போனார்.

ஆறாயிரமே கொடுத்திருக்கலாம். அடுத்த மாதம் கூட்டிக் கொடுத்தால், இந்த மாதம் நான் குறைத்தது அவருக்குத் தெரிந்துவிடும்.