‘வந்திறங்கியதும் காசாகச் செலுத்தவும்’: ஹைதராபாத்தில் எங்கள் முதல் காலை

சென்ற ஒக்டோபரில் நானும் கணவரும் வவுனியாவிலிருந்து ஹைதராபாத்துக்குப் போய் வந்தோம். சுற்றுலா அல்ல, கண் வைத்தியம். போவதற்கு முன் இணையத்தில் தேடியபோது பிரியாணிக் கடைகளைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு நோயாளியைக் கையில் பிடித்துக்கொண்டு விமானநிலையத்தில் இறங்கி, முன்பதிவு செய்த காருக்கு எப்படிக் காசு கொடுப்பது என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது.

கணவர் தவராசாவுக்கு வலது கண் சிறு வயதிலேயே பழுது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுந்தான் அதில் தெரியும். ஆளின் முழு வாழ்க்கையும் இடது கண்ணில்தான் ஓடியது. செப்டெம்பரில் வீட்டு வளவில் புல் வெட்டும்போது இயந்திரம் எற்றிய ஏதோ ஒரு துரும்பு அந்தக் கண்ணில் அடித்தது. கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். இரண்டு கிழமைக்குள் கருவிழியில் வெள்ளை படர்ந்து, என் முகம் அவருக்குக் கலங்கிய நிழலாகிவிட்டது. பூஞ்சைத் தொற்று என்றார் கொழும்பு வைத்தியர். ஹைதராபாத்தில் தனக்குத் தெரிந்த கருவிழி நிபுணர் ஒருவரிடம் அவரே நேரமும் எடுத்துத் தந்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை. அதைத் தவறவிட்டால் அந்த நிபுணர் அடுத்த கிழமைதான் வருவார். “அதுவரைக்கும் கண் தாங்குமோ தெரியாது” என்று கொழும்பு வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

மருத்துவ விசா நான்கு நாளில் கிடைத்தது. தங்குவதற்கு, தெரிந்தவர்கள் மூலம் சனத்நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறை. வீட்டுக்கார அம்மா ராஜேஸ்வரியிடம் இவர்தான் போனில் இரண்டு தடவை பேசி வாடகையை முடித்தார். நான் ஒன்லைனில் கார் பதிவு செய்தேன். விமானநிலையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு, முப்பத்தைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, ஆயிரத்துத் தொள்ளாயிரம் இந்திய ரூபாய். முன்பணம் இல்லை. பதிவுச் சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: வந்திறங்கியதும் சாரதியிடம் காசாகச் செலுத்தவும். நல்ல வசதி என்று நினைத்தேன். கார் வராவிட்டால் காசும் போகாது அல்லவா.

என்னிடம் இந்தியக் காசு ஒரு சதமும் இல்லை. நானூறு அமெரிக்க டொலரும் என் வங்கி அட்டையும் இருந்தன. விமானநிலையத்துக்குள் காசு மாற்றினால் நட்டம், வெளியே ஏ.ரி.எம்.மில் எடுப்பதே புத்தி என்று எங்கோ வாசித்திருந்தேன். பெட்டி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே காசு மாற்றும் கவுண்டர் இருந்தது. வரிசையில் மூன்றே பேர். நான் அதைக் கடந்து வெளியே வந்தேன். அன்றைய சங்கடம் முழுவதும் அந்த இடத்தில் தொடங்கியதுதான்.

வெளியே வந்த பிறகு பயணிகளைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஏ.ரி.எம். என் அட்டையை இரண்டு தடவை திருப்பித் தந்தது. வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டையைத் திறந்துவிடச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம், எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியே இருந்த இன்னொரு கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் கதிரை மட்டும் இருந்தது. இலவச இணையமோ போனுக்கு அனுப்பும் இலக்கம் ஒன்றைக் கேட்டது, என் போனுக்கு எதுவும் வரவில்லை. அப்போது நேரம் பதினொன்றாகிக்கொண்டிருந்தது.

சாரதி என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். ஐம்பது வயதிருக்கும், மொயின் என்று பெயர் சொன்னார். கணவரை அவரிடம் விட்டு ஏ.ரி.எம்.முக்குப் போன நான் திரும்பி வருவதற்குள் பெட்டிகளை எல்லாம் பின்னால் ஏற்றி, கணவரையும் காருக்குள் உட்கார வைத்திருந்தார். நான் டொலரைக் காட்டினேன்.

“டாலர் நக்கோ, மேடம்” என்றார் கையை ஆட்டி. வேண்டாம் என்கிறார் என்பது கையிலேயே புரிந்தது. பிறகு முதலாளிக்குப் போன் போட்டு நீளமாகப் பேசினார். முதலாளி என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். முன்பு யாரோ கள்ள டொலர் கொடுத்துவிட்டுப் போனார்களாம். வழியில் காசு மாற்றும் கடை ஒன்றில் நிறுத்தச் சொல்கிறேன், காசு கைக்கு வரும்வரை பெட்டிகள் பின்னாலேயே இருக்கும், அதுதான் ஒழுங்கு என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் பெட்டிகளுக்கு நடுவே நீல நிறக் குளிர்ப்பை ஒன்று இருந்தது. மணிக்கு ஒரு தடவை கணவரின் கண்ணில் விட வேண்டிய மருந்து அதற்குள் ஐஸ் கட்டிகளோடு இருந்தது. கார் கிளம்பிப் பெருவீதிக்கு ஏறிய பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

“என்ன கௌரி, காசு குடுத்தாச்சோ?” என்று கணவர் கேட்டார்.

“ஓம் ஓம். ஒண்டும் பிரச்சினையில்லை. நீங்க கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ.”

பொய்தான். கண் போகப்போகிறதோ என்ற பயத்தில் இருக்கும் மனுசனுக்கு இதையும் ஏன் தலையில் ஏற்றுவது என்று நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்திருந்தார். வெளியே பெரிய பெரிய பாறைகளும், பாதி கட்டிய மாடிகளும், பிறகு முடிவே இல்லாத ஒரு மேம்பாலமும் போயின. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. சாரதியின் கழுத்தையும் கார் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மெஹ்திப்பட்டணத்துக்குக் கிட்ட மேம்பாலத்தை விட்டு இறங்கி, கார் ஒரு சிறிய தெருவுக்குள் திரும்பியது. ஒரு பக்கம் இறைச்சிக் கடைகள், மறு பக்கம் கைபேசிக் கடைகள். நடுவில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. மொயின் ஒரு கடையின் முன் நிறுத்தினார். ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் தெலுங்கும் உருதும். எனக்கு இரண்டும் தெரியாது.

அவர் இறங்கி என் பக்கக் கதவைத் திறந்தார். தெருவின் அந்த முனையைக் காட்டி ஏதோ சொன்னார். பிறகு, “பேக் இதரிச், மேடம். ஆவ், ஆவ்” என்றார். எனக்குப் புரிந்தது ‘பேக்’ மட்டும். பைகளோடு இங்கேயே இறங்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஊர் தெரியாது, மொழி தெரியாது, கண் தெரியாத மனுசன் பக்கத்தில், நேரம் பதினொன்றே முக்கால் தாண்டிவிட்டது. மருந்து விட வேண்டிய நேரமும் வந்துவிட்டது. நான் இறங்கிப் பின்பக்கம் போய் டிக்கியைத் தட்டினேன். “ஓப்பன், ஓப்பன்” என்றேன். அவர் டிக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு, “பைசா பெஹ்லே”, முதலில் காசு, என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன் என்று அவருக்குப் பயம். என் குரல் உயர்ந்தது. கைபேசிக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. “கௌரி, இஞ்ச வா” என்றார் கணவர். “என்ன நடக்குது? உண்மையச் சொல்லு.”

சொன்னேன். அட்டை வேலை செய்யாதது, டொலர் எடுபடாதது, மருந்துப் பை பின்னால் அகப்பட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அவர் என்னை ஏசவில்லை. முகத்தை வெளியே திருப்பிக் கூப்பிட்டார்.

“மொயின் பாய். டிக்கி கோலோ. ஆங்க் கி தவா ஹை உஸ்மே.”

டிக்கியைத் திறவுங்கள், கண் மருந்து அதற்குள் இருக்கிறது என்று சொன்னாராம். மொயின் திகைத்து நின்றார். நானும்தான். கல்யாணத்துக்கு முன் இவர் ஆறு வருடம் டோஹாவில் வேலை செய்தது எனக்குத் தெரியும். அறையில் கூட இருந்த நான்கு பேரும் ஹைதராபாத்காரர் என்பதும், அவர்களோடு சண்டை பிடித்தே அந்தப் பேச்சைப் பழகினார் என்பதும் எனக்கு இருபது வருடத்தில் தெரியாது. நான் கேட்டதில்லை.

“தவா?” என்றார் மொயின். “கைக்கு நை போலே, பாய்?” ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கிறார் என்பதை மொழி தெரியாத நானும் விளங்கிக்கொண்டேன். டிக்கி திறந்தது. காரை மரநிழலுக்கு நகர்த்தினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு மருந்து விட்டேன். மருந்து எரிச்சல் என்பதால் கணவர் இருக்கை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

பிறகு கணவரும் மொயினும் பேசினார்கள். மொயின் எங்களை இறக்கிவிடப் பார்க்கவில்லையாம். பை காரிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் மற்றக் கடைக்கு என்னோடு வாருங்கள் என்றிருக்கிறார். ஆனால் அங்கே ஒரு மணிநேரமாவது ஆகும் என்று இப்போது அவரே சொன்னார். காசில்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவீர்களா என்று கணவர் கேட்டார். அதற்கு அவர் தலையாட்டவில்லை. போன மாதம் இப்படி ஒரு சவாரியில் ஏமாந்து, முதலாளி அவருடைய சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டாராம். போனில் யாராவது அனுப்பினாலும் போதும் என்றார்.

“ராஜேஸ்வரி அக்காவிட்ட கேப்பம்” என்றார் கணவர் என் பக்கம் திரும்பி.

“முகம் தெரியாத ஆளிட்ட, வந்து இறங்கின உடன காசு கேக்கிறதோ? என்ன நினைப்பா?”

“என்ன வேணுமெண்டாலும் நினைக்கட்டும். பின்னேரம் குடுத்திடுவம். நேரம் போகுது, கௌரி.”

மொயினின் போனிலிருந்து அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தோம். ராஜேஸ்வரி அம்மா திருநெல்வேலிப் பக்கம். அவருடைய கணவர் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடமாக அதே வீடு. என் கணவர் சுருக்கமாக விசயத்தைச் சொன்னார்.

“ஹவ் ஹவ், புரியுது. கண்ணு வலியோட நடுத்தெருவுலயா நிக்கிறீக?” என்றார் அவர். ‘ஹவ்’ என்றால் அந்த ஊரில் ஆமாம். இடையில் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் கேட்டது: “அம்மா, முந்து பாஸ்போர்ட் போட்டோ அடுகு.” அது அவருடைய மகன். தமிழ் விளங்கும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும் என்று பிறகு அறிந்துகொண்டோம்.

“பையன் சொல்றான், கோவிச்சுக்காதீக. பாஸ்போர்ட்ட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இப்ப காலம் அப்படி இருக்கு.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கணவர் சாதாரணமாக, “அது சரிதானே அக்கா. நானெண்டாலும் கேட்டிருப்பன்” என்றார்.

மொயின் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் தன் போனில் படம் எடுத்து, காசு அனுப்ப வேண்டிய சதுரக் குறியோடு சேர்த்து அனுப்பினார். நான்கு நிமிடமிருக்கும். எனக்கு அது அன்றைய பயணத்திலேயே நீளமான பகுதி. போன் ஒரு சத்தம் போட்டது. மொயின் திரையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். “சலோ பாய்.”

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால் தாண்டிவிட்டது. பதிவு மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வைத்தியர் சத்திரசிகிச்சைக்குப் போய்விட்டார், வந்தால் பார்ப்பார், வருவாரா என்று சொல்ல முடியாது என்றார். மூன்றரை வரை அங்கிருந்த வாங்கில் இருந்தோம். வைத்தியர் வந்தார், பார்த்தார். கருவிழியைச் சுரண்டி உடனே பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சைதான், ஆனால் நாங்கள் விட்டுக்கொண்டிருந்த மருந்துக்கு அடங்காத வகை. மருந்தை மாற்றினார். அடுத்த கிழமைக்கு விட்டிருந்தால் கண்ணை எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார். அதைக் கணவருக்கு முன்னாலேயே சொன்னார். கணவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

பதினெட்டு நாள் சனத்நகரில் இருந்தோம். தொற்று அடங்கியது. தழும்பு நிற்கும், முழுப் பார்வை வராது. ஆளைப் பார்த்து இன்னார் என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறது. அடுத்த வருடம் கருவிழி மாற்றலாமா என்று பார்ப்பார்கள்.

இப்படிப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. வெளிநாட்டில் காருக்கு ‘இறங்கியதும் காசு’ என்றிருந்தால், எந்த நாட்டுக் காசு என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நட்டமானாலும் பரவாயில்லை, பெட்டி எடுக்கும் இடத்திலேயே முதல் நாளுக்குத் தேவையானதை மாற்றிவிட்டு வெளியேறுங்கள். ஐயாயிரம் இந்திய ரூபாய் மாற்றினால் உங்களுக்கு இருநூறு முந்நூறு நட்டம் வரும், அவ்வளவுதான். வங்கி அட்டையைப் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே திறந்துவிடச் சொல்லுங்கள். இந்தியாவில் எல்லாரும் போனிலேயே கொடுத்து வாங்குகிறார்கள். அந்த வசதி நமக்கு இல்லை, ஆகவே சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்துக்கொள்ள மறக்காதீர்கள். மருந்துப் பையை டிக்கியில் ஏற்ற யாரையும் விடாதீர்கள். சாரதியின் மேல் எனக்குக் குறை இல்லை. அவர் நிலையில் நானும் டிக்கியைப் பூட்டித்தான் வைத்திருப்பேன்.

இன்னொன்று, நோயாளியோடு போகிறவர்களுக்கு: நடப்பதை அவரிடம் மறைக்காதீர்கள். நானும் இதைப் பிந்தித்தான் பழகினேன். இரண்டாவது நாள் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம், நூற்றெண்பது ரூபாய். அமீர்பேட் சந்தியில் நெரிசலில் நின்றபோது, “என்ன தெரியுது?” என்று கணவர் கேட்டார். மேலே மெட்ரோ ரயில் போகிறது, கீழே பயிற்சி நிலையங்களின் விளம்பரப் பலகைகள், தோளில் பையோடு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தெருவைக் கடக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் நெரிசலுக்குப் பயந்து பெருவீதியை விட்டு ஒரு சிறிய ஒழுங்கைக்குள் திரும்பினார். எங்கே போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை, பயமாக இருந்தது. அதையும் சொன்னேன்.